மூன்று பேருக்கு ஒரு குதிரை

முத்திருளனுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ்கள் நிற்கும் பக்கம் ஒரு பார்சல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறான். மூட்டையோ பெட்டியோ வந்ததும் அதன் மேல் தடித்த மார்க்கர் பேனாவால் ஊர், பெயர், போன் நம்பர் எழுதுவான். எழுதியது சரியான பஸ்ஸின் வயிற்றுக்குள் போகிறதா என்று நின்று பார்ப்பான். அவன் எழுதிய பார்சல் ஊர் மாறிப் போனது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான். அதற்கே இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி சின்னத்தாய் சொன்னாள். அப்படிப்பட்டவன் ஒரு மண்குதிரையை யார் பெயருக்கு அனுப்புவது என்று தெரியாமல் நான்கு வருடம் தவித்தான். அந்தத் தவிப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டால் எனக்கு இன்னமும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நானும் அவனும் பசுமலையில் ஒரே பள்ளிக்கூடம். நான் இங்கிலீஷ் மீடியம், அவன் தமிழ் மீடியம். நடுவில் ஒரு சுவர், சுவரோரம் ஒரு தண்ணீர்க்குழாய். குழாயடியில் பிடித்த பழக்கம்தான். இப்போது நான் மெல்போர்னில் இருக்கிறேன். ஊரிலிருந்து போன் வந்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது தெரிந்ததால் முத்திருளன் எடுத்த எடுப்பிலேயே "ஒண்ணுமில்ல மாப்ள, எல்லாரும் நல்லாருக்கோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவான்.

2021 மே மாதம் ஒரு மத்தியானம் அவன் அப்படிச் சொல்லவில்லை.

அதற்கு முன் அவன் வீட்டுத் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பசுமலையில் மாடிப் போர்ஷன், வாடகை. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு சிமெண்ட் தட்டு. அதில் மூன்று பேர். ஒருவர் அய்யனார், வாடிப்பட்டிக்கு மேற்கே அவன் சொந்த ஊர்க் கண்மாய்க்கரையில் இருப்பவர். செல்போனில் எடுத்துப் பிரிண்ட் போட்டதில் மீசையில் பாதி வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். அவருக்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில் நீல முக்காடு போட்ட மாதா. ஐந்து வயதில் அவனுக்கு முதல் மொட்டை மாதா கோயிலில்தான் போட்டார்கள். அவன் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறவர்கள்தான், ஒருவரும் மதம் மாறியதில்லை. மூன்றாவதாக இருந்தது ஒரு பழைய காமிக்ஸ் புத்தகத்தின் அட்டை. லேமினேட் செய்யப்பட்டது. அதில் குதிரை மேல் ஒற்றைக்கை ரூபன்.

ரூபனை இப்போது யாருக்கும் தெரியாது. நாங்கள் ஏழாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டுப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த கதைகளில் வருகிறவன். பனிமலை நாட்டில் குதிரை மேல் கடிதமும் மருந்தும் கொண்டுபோவான். சண்டையில் ஒரு கை போய்விட்டது. யாரையும் சுடமாட்டான், அடிக்கமாட்டான். புயல் வந்தாலும் கொள்ளைக்காரன் வந்தாலும் தோல்பையை மட்டும் விடமாட்டான். கடைசிப் பக்கத்தில் யார் வீட்டுக் கதவையாவது தட்டுவான், அதோடு கதை முடிந்துவிடும். பதினான்கு புத்தகங்கள் வந்தன, அப்புறம் நின்றுவிட்டன. நான் மறந்துவிட்டேன். முத்திருளன் மறக்கவில்லை.

தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து மூன்று பேரிடமும் பேசுவான். அய்யனாரிடம் கொஞ்சம் பயந்த பேச்சு. மாதாவிடம் புலம்பல், அதுதான் நீளமாகப் போகும். ரூபனிடம் வேலை விஷயம் மட்டும். "இன்னைக்கு நாகர்கோவில் வண்டி லேட்டு. மருந்துப் பெட்டி இருக்கு. பாத்துக்கப்பா." நான் ஊருக்குப் போயிருந்தபோது இதை என் காதால் கேட்டிருக்கிறேன். நான் இருக்கும் ஊரில் இதற்கு ஸ்பிரிச்சுவல் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, மதம் வேறு அது வேறு என்பார்கள் என்று ஒரு முறை அவனிடம் சொன்னேன்.

"எது, ஊசி போடுறதுக்கு முன்னாடி பஞ்சுல தொட்டுத் தடவுவாங்களே, அந்த ஸ்பிரிட்டா?" என்றான். "அதெல்லாம் இல்ல மாப்ள. தெரிஞ்சவுகட்ட பேசுறேன், அம்புட்டுத்தான்."

அந்த மே மாதம் சின்னத்தாய் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருந்தாள். அவனை உள்ளே விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே மூடிக்கிடந்த ஒரு செல்போன் கடை நிழலில் பதினொரு நாள் நின்றான். ஒன்பதாம் நாள் மத்தியானம்தான் எனக்கு அந்தப் போன் வந்தது. "மாப்ள, எழுபத்தெட்டுங்குறாங்க" என்று மட்டும் சொன்னான். ஆக்சிஜன் அளவு. விமானம் கிடையாது, நான் இருந்த நாடு கதவைச் சாத்தியிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் அவன் வேறு யாரிடமோ பேசுவது கேட்டது. "அய்யனாரே, மாதாவே, ரூபா, அவளக் கொண்டாந்து விட்டுருங்க. ஒரு குதிரை எடுத்து விடுறேன்." ஒரே மூச்சில் சொன்னான்.

சின்னத்தாய் வீட்டுக்கு வந்தாள். குதிரைப் பாடு அன்றிலிருந்துதான் தொடங்கியது.

அவன் ஊரில் அய்யனாருக்குக் குதிரை எடுப்பது, அதாவது மண்குதிரை செய்து தோளில் சுமந்துபோய்க் கோயிலில் வைப்பது, நினைத்த நேரத்தில் செய்யும் காரியம் கிடையாது. ஊர் கூடி நாள் குறித்து, கண்மாய் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுக்க வேண்டும். வேளார் என்றால் மண் வேலை செய்கிறவர், அந்தக் கோயிலுக்குப் பூசாரியும் அவர்தான். பிடிமண் கைக்கு வராமல் அவர் குதிரை செய்ய உட்காரமாட்டார். முதலில் கொரோனா என்று எடுப்பு நின்றது. அடுத்த வருடம் முதல் மாலை யாருக்கு என்று பங்காளிகளுக்குள் தகராறு, தாசில்தார் முன்னால் சமாதானப் பேச்சு. மூன்றாம் வருடமும் நான்காம் வருடமும் சமாதானத்தில் யார் என்ன சொன்னார் என்பதில் தகராறு. போன வருடம் ஆனியில்தான் ஒரு வழியாக நடந்தது.

நடுவில் போன அந்த நான்கு வருடமும் சின்னத்தாய் இருமினால் அவன் எழுந்து நின்றுவிடுவான்.

"மொளகா தாளிச்சா இருமல் வரத்தானண்ணே செய்யும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள், என்னவோ நான்தான் நேர்ந்துகொண்டவன் போல. "ஒடனே எந்திரிச்சு வந்து மூஞ்சியப் பாக்குறாரு. அந்தத் தட்டப் பாக்குறாரு. என் உசுர ஒரு குதிர வால்ல கட்டிவச்சுட்டாரு. நிம்மதியா ஒரு தும்மல் போட முடியல இந்த வீட்டுல."

மூன்று குதிரையாக எடுத்துக் கொடுத்துவிடேன் என்று நான் யோசனை சொன்னேன். எந்தச் சிக்கலுக்கும் எண்ணிக்கையைக் கூட்டிச் சரிக்கட்டுவது என் வழக்கம்.

"நான் சொன்னது ஒரு குதிரை. மூணு எடுத்தா சொன்னத மாத்துன மாதிரி ஆயிரும். அப்பறம், மூணு பேரும் தனித்தனியா வந்தாங்கன்னு நெனைக்கிறியா? சேந்துல்ல கொண்டாந்து விட்டாக."

மாதா கோயிலுக்கும் போய்க் கேட்டுப் பார்த்தான். பங்குத்தந்தை நல்ல மனிதர், உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். "மாதாவுக்குக் குதிரை எதுக்குப்பா? ஒரு மெழுகுவர்த்தி ஏத்தி ஜெபம் பண்ணு, போதும்" என்றார். ரூபன் யார் என்று கேட்டவர், சொன்னதும் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லைதான். ஆனாலும் முத்திருளன் அந்தப் பக்கம் ஆறு மாதம் போகவில்லை. "மெழுகுவத்தி நானா சொன்னேன்? சொல்லாததக் குடுத்துட்டுச் சொன்னத ஏமாத்தச் சொல்றாரு" என்றான்.

பிடிமண் கொடுத்த வாரமே சின்னச்சாமி வேளாரிடம் போய்த் தன் குதிரைக்கு இரண்டு காரியம் கேட்டான். சேணத்தின் ஓரத்தில் நீலக்கரை வேண்டும், வலது விலாவில் ஒரு பை வேண்டும். வேளார் எதற்கென்று கேட்கவில்லை. "பைதான, வச்சுட்டாப் போச்சு" என்றார். மற்ற இரண்டு பேரும் சண்டையில்லாமல் குதிரைக்குள்ளேயே சேர்ந்து வந்துவிட்டார்கள் என்று முத்திருளனுக்கு ஒரே சந்தோஷம். பையின் போட்டோவை எனக்கு நான்கு முறை அனுப்பினான்.

அந்த ஆனி மாதம் நான் லீவில் வந்திருந்தேன். எடுப்பன்று மத்தியானம் அவனோடும் சின்னத்தாயோடும் ஊருக்குப் போனேன். பொட்டலில் இருபத்துமூன்று குதிரைகள், சுண்ணாம்பு பூசி, சிவப்பும் மஞ்சளும் தீட்டி, மாலை போட்டு நின்றன. கொட்டுக்காரர்கள் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பங்காளிகளில் மூத்தவர் சோணை, முத்திருளனுக்கு அண்ணன் முறை. வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் இவன் குதிரையிடம் நின்றார்.

"என்னடா தம்பி, நீலம் அடிச்சிருக்க? எந்தக் கட்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். சும்மா அழகுக்குண்ணே என்று இவனும் சிரித்திருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். முத்திருளனுக்கு அது வராது. பார்சலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உள்ளதை எழுதிப் பழகியவன்.

"மாதாவுக்குண்ணே" என்றான்.

"எந்த மாதா?"

"நம்ம மாதாதான். சர்ச்சுல இருக்குற மாதா."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பாண்டீஸ்வரி மதினிதான், சோணையின் மனைவி, வாயைத் திறந்தாள். "இருந்துட்டுப் போகுது விடுங்க. நம்ம மகனுக்கு மொட்டை எங்க போட்டோம்? வாய மூடிக்கிட்டு நீங்களுந்தான வந்தீக." மறுபடி சிரிப்பு. சோணை துண்டை உதறிக்கொண்டு நகரப் பார்த்தார்.

அழகுபாண்டி விடவில்லை. அவனும் பங்காளி, இவன் வயதுதான், லாரி வைத்திருக்கிறான், பேச்சுக்கு ஆள் வேண்டும் அவனுக்கு. "சரிப்பா, நீலம் மாதாவுக்கு. பை யாருக்கு?"

"ரூபனுக்கு."

"எந்த ரூபன்? ரேசன் கடையில நிறுத்துப் போட்டாரே, அவரா?"

"இல்ல. இவரு தபால் கொண்டுபோறவரு. ஒரு கை கெடையாது."

"பாவம். எப்பச் செத்தாரு?"

"சாகல." முத்திருளன் குதிரையின் பையைத் தொட்டுக்கொண்டான். "பொறக்கவும் இல்ல. கதப்புத்தகத்துல வாரவரு."

யாரும் சிரிக்கவில்லை. மாதா விஷயத்தில் விட்டுக்கொடுத்த கூட்டம் ரூபனிடம் நின்றுவிட்டது. சோணைக்கு முகம் சிவந்துபோயிற்று. "பொறக்காதவனுக்கு அய்யனார் பொட்டல்ல குதிர நிறுத்தியிருக்கியா? ஊரு சிரிக்காதா? நாலு வருசமா அந்த வழக்கு இந்த வழக்குன்னு அலைஞ்சு நாள் வாங்கியிருக்கோம், நீ கதப்புத்தகத்தக் கொண்டாந்து நடுவுல வைக்கிற!"

"அவரும் சேந்துதாண்ணே இவளக் கொண்டாந்து விட்டாரு..."

"டேய், பார்சல் ஆபீஸ்லதான வேல பாக்குற?" என்றான் அழகுபாண்டி. "ஒரு பார்சலுக்கு மூணு அட்ரஸ் எழுதுவியாடா நீ?"

இதற்குத்தான் பொட்டலே சிரித்தது. முத்திருளன் மட்டும் அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்தான். அது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. தூக்குவதற்கு முன் வேளார் ஒவ்வொரு குதிரையாக வந்து நின்று "யாருக்கு?" என்று கேட்பார். நேர்ந்துகொண்டவர் அந்தச் சாமியின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னதும் கறுப்பு மையால் விழி வைப்பார். விழி வைக்காத குதிரை வெறும் மண், அதைத் தோளில் ஏற்றமாட்டார்கள். வேளார் வந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு பேரும் "அய்யனாருக்கு!" என்று சொன்னார்கள். கடைசியில் எங்களிடம் வந்தார்.

"யாருக்கு தம்பி?"

முத்திருளன் மூன்று பேரையும் சொன்னான். மெதுவாக, தெளிவாக.

வேளார் தூரிகையைத் தாழ்த்தினார். "எனக்கு மூணு பேரும் ஒண்ணுதாந் தம்பி. ஆனா ஒரு பேரச் சொல்லித்தான் நான் கண்ணு தொறந்து பழக்கம். எங்கய்யாவும் அப்பிடித்தான் தொறந்தாரு. மூணச் சொன்னா கை நிக்காது."

இதற்குள் வரிசையின் முன்பக்கத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. எல்லாம் முடிந்ததென்று நினைத்து, ஊர்ப் பொதுக்குதிரையைப் பதினாறு பேர் தோளில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய குதிரையைக் கோயில் வாசலில்தான் இறக்க வேண்டும். கடைசிக் குதிரைக்குக் கண் திறக்காமல் அடி எடுத்து வைக்கவும் கூடாது. ஆனி வெயில். பதினாறு பேரும் நின்ற இடத்தில் நின்றுகொண்டு கத்த ஆரம்பித்தார்கள்.

"ஏலே, எவன் பேரையாச்சும் சொல்லித் தொலைங்கடா, தோளு போச்சு!"

"முத்திருளா, ஒன் மாமியா பேரக்கூடச் சொல்லு, கெளம்புவோம்!"

சின்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லுங்க. ஒத்தப் பேருதான. நாலு வருசமா இதுக்குத்தான தவங்கெடந்தீக."

அவன் என்னைப் பார்த்தான். எனக்கு அந்தக் குதிரை சாய்ந்து யார் மேலாவது விழுந்துவிடுமோ, வெயிலில் யாருக்காவது மயக்கம் வந்துவிடுமோ என்று பதைப்பு. "அய்யனார்னு சொல்லிரு மாப்ள. மத்த ரெண்டு பேரையும் மனசுக்குள்ள நெனைச்சுக்க" என்றேன்.

சரியாகக் கட்டாமல் கொண்டுவந்த மூட்டையை அவன் அலுவலகத்தில் எப்படிப் பார்ப்பானோ, அப்படி என்னைப் பார்த்தான். பிறகு வேளார் பக்கம் திரும்பினான்.

"அய்யனாருக்கு."

இரண்டு விழியும் விழுந்தன. கொட்டு கிளம்பியது. இவன் குதிரையையும் தூக்கினார்கள், பையோடும் நீலக்கரையோடும். கண்மாய்க்கரையில் மற்றக் குதிரைகளுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார்கள். யாரும் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அழகுபாண்டியே வந்து இவனுக்கு மோர் கொடுத்தான். சின்னத்தாய் பொங்கலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். "முடிஞ்சுச்சுண்ணே. இனி எனக்கு நல்லாக் காய்ச்சல் வந்தாக்கூட இந்த வீட்டுல பயப்பட ஆளில்ல" என்று என்னிடம் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து பைக்கில் என்னையும் ஏற்றிக்கொண்டு மறுபடி வேளார் வீட்டுக்குப் போனான். இன்னும் இரண்டு குதிரை வேண்டும் என்றான். சின்னதாக இருந்தாலும் போதும்.

"பிடிமண் இல்லாம எப்பிடிச் செய்யிறது?" என்றார் வேளார். "அடுத்த எடுப்புக்குச் சொல்லு, மொத ஆளா ஒனக்குச் செய்யிறேன். எப்ப எடுப்புன்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத."

திரும்பி வரும்போது, கடையில் விற்கும் மண்குதிரை இரண்டு வாங்கி வைத்துவிடலாமே என்றேன். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான்.

"நீ கொஞ்சம் பேசாம வாரியா? ஒன் பேச்சக் கேட்டுத்தான் இப்பிடி நிக்கிறேன். மனசுக்குள்ள நெனைச்சுக்கன்னு சொன்ன. நெனைச்சுத்தான் பாத்தேன். அத்தன பேரு முன்னாடி அவுக பேரச் சொல்ல வாயில்லாம, உள்ளுக்குள்ள நெனைச்சா அவுகளுக்கு எப்பிடி இருக்கும்? இவுகளத் தெரியாதுன்னு சொன்ன மாதிரிதான மாப்ள அது?" ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கொடுக்க வேண்டியது ஒண்ணா இருந்துச்சு, சொமக்க முடிஞ்சுச்சு. மூணு பேரும் ஒண்ணா இருந்தாக. நாந்தான் பிரிச்சுட்டேன்."

அடுத்த வாரம் மெல்போர்ன் திரும்பினேன். அங்கிருந்து போன் செய்தால் பஸ், பார்சல், மழை என்று பேசுவான், வைத்துவிடுவான்.

போன செவ்வாய்க்கிழமை சின்னத்தாய் அழைத்தாள். அலுவலகக் கார் பார்க்கிங்கில் இருந்தேன். எடுத்ததும் "உனக்கு உடம்பு நல்லாத்தானம்மா இருக்கு?" என்றேன்.

"எனக்கென்ன, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இவரப் பத்தித்தான். ஒரு வருசமாப் பேச மாட்டேங்குறாருண்ணே."

"உன்கிட்டயா?"

"எங்கிட்டப் பேசாம இருந்தா ஒங்களுக்கு எதுக்குப் போன் போடுறேன்? அவுககிட்டண்ணே. காலைல குளிக்கிறாரு, தட்டு முன்னாடி வாராரு, நிக்கிறாரு. வாயத் தொறக்க மாட்டேங்குறாரு, அப்பிடியே சட்டையப் போட்டுக் கெளம்பிர்றாரு. மொதல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு. இப்ப வீடே வெறிச்சுன்னு கெடக்கு. அந்த நாகர்கோவில் வண்டி வந்துச்சா வல்லையான்னு எனக்குத் தெரியாம ஒரு மாதிரி இருக்கு."

"நான் என்னம்மா செய்ய முடியும்?"

"ஒத்தப் பேரச் சொல்லச் சொன்னது நானும் நீங்களுந்தான? என் பங்குக்கு நான் சொல்லிட்டேன் அவுகட்ட. நீங்களும் ஒங்க வாயால சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டுத் தட்டுல வச்சிருக்கேன். ம், சொல்லுங்க."

மறுபக்கம் ஃபேன் சத்தம் கேட்டது. கார்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "தப்பு என் பேர்லதான். அவன் சொல்லணும்னுதான் இருந்தான். நான்தான் அவசரப்படுத்திட்டேன்..." என்று தொடங்கினேன்.

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம். முத்திருளனின் குரல், எரிச்சலோடு:

"யாருடி அது தட்டுல? அவனா? அவன எதுக்குடி இதுல இழுக்குற? அவனுக்கு என்ன தெரியும்?" ஈரக்கால் சத்தம் கிட்டே வந்தது. "எடு போன மொதல்ல. இந்தாங்க, அவன் பேச்ச நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீக. அவன் அப்பிடித்தான், எதுக்கெடுத்தாலும் பயந்து சாவான். ரெண்டு குதிர பாக்கி எனக்கு ஞாபகம் இருக்கு. ஊர்க்காரங்க நாளு குறிக்க மாட்டேங்குறாங்க, நான் என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு ரூபா..."

அவன் பேச்சு நீளும்போதே சின்னத்தாய் போனை வைத்துவிட்டாள்.